முறை வைத்துச் செய்யும் தர்மம்

*வீடற்றவருக்கு இரவுப் படுக்கை, துக்க வீட்டுக்குச் சாப்பாடு, வட்டியில்லாக் கடன், இறந்தவருக்குக் கடைசிக் குளியல். அமெரிக்க யூத ஜெப ஆலயங்களில் இவை எல்லாவற்றுக்கும் ஆள் குறித்து, நாள் குறித்து ஒரு பட்டியல் இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் வேர்களையும் இன்றைய நிலையையும் சொல்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.*

1654 செப்டம்பரில் நியூ ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் 23 யூதர்கள் வந்து இறங்கினார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரைப் போர்த்துகீசியர்கள் மீண்டும் கைப்பற்றியதும் அங்கிருந்து தப்பி வந்தவர்கள் அவர்கள். கப்பல் கூலியைத் தீர்க்கக்கூடக் கையில் போதிய காசு இல்லை. அந்த டச்சுக் குடியேற்றத்தின் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடவே விரும்பினார். குடியேற்றத்தை நடத்திய டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 1655இல் அதற்கு இணங்க மறுத்து, யூதர்கள் தங்கலாம் என்று உத்தரவிட்டது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. அவர்களில் ஏழைகளாக இருப்பவர்கள் கம்பெனிக்கோ ஊருக்கோ பாரமாகிவிடக் கூடாது. அவர்களை அவர்கள் சமூகமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னாளில் நியூயார்க் என்று பெயர் மாறிய அந்த ஊரில், அன்று வந்தவர்கள் தொடங்கிய ஷியரித் இஸ்ரேல் சபை இன்றும் இயங்குகிறது. நிபந்தனை புதிது, அதை நிறைவேற்றும் வழி அவர்களுக்குப் பழையது. சபை என்று ஒன்று கூடினால் அங்கே வழிபாட்டுக்கு ஓர் இடம் வேண்டும், இறந்தவரைப் புதைக்க நிலம் வேண்டும், ஏழைக்கென ஒரு பெட்டி வேண்டும். போன இடமெல்லாம் யூதர்கள் இந்த மூன்றையும் கையோடு கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் இன்று ஜெப ஆலயங்கள் வழியாக நடக்கும் தொண்டு முழுவதும் அந்தப் பெட்டியிலிருந்து கிளைத்ததுதான்.

வசூலுக்கு இருவர், பங்கீட்டுக்கு மூவர்

ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, ஊர்தோறும் இரண்டு ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுகிறது. ஒன்று தம்ஹுய், அன்றன்றைக்கு உணவைத் திரட்டிப் பசித்தவருக்குக் கொடுப்பது. மற்றொன்று குப்பா, பணமாகத் திரட்டி வாரம் ஒரு முறை ஏழைக் குடும்பங்களுக்குப் பிரித்துத் தருவது. யார் வாங்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. இரண்டு வேளைச் சாப்பாடு கையில் இருப்பவர் தம்ஹுயில் கை நீட்டக் கூடாது. பதினான்கு வேளைக்கு இருப்பவர் குப்பாவில் வாங்கக் கூடாது. வசூலுக்கு இருவர் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் தனியாகப் போனால் சந்தேகத்துக்கு இடமாகும். பங்கிடுவதற்கு மூவர் உட்கார வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது தீர்ப்புச் சொல்வதற்குச் சமம் என்பதால் நீதிமன்றத்தைப் போலவே மூவர்.

செடாக்கா என்று அவர்கள் சொல்லும் இந்தக் கொடையில் விருப்பத்துக்கு இடமில்லை, அது கட்டளை. தானம் வாங்கிப் பிழைக்கும் ஏழையும் அதிலிருந்து சிறிதளவாவது பிறருக்குத் தர வேண்டும் என்கிறது மிஷ்னாவை விளக்கும் பெருநூலான தால்முத். என் மனதில் ஆழமாகப் பதிந்த விதி இது. கொடுப்பவர் ஒரு சாதி, வாங்குபவர் ஒரு சாதி என்று மனிதர்கள் நிரந்தரமாகப் பிரிந்துபோவதை இந்த ஒற்றை விதி தடுத்துவிடுகிறது.

ஏட்டில் எழுதிவைத்ததோடு இது நின்றுவிடவில்லை. எகிப்தில் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் ஒரு சேமிப்பறை இருந்தது. அங்கே நூற்றாண்டுக் கணக்கில் குவிந்துகிடந்த தாள்களின் பெரும்பகுதியை 1890களின் இறுதியில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். வணிகக் கடிதங்களுக்கும் திருமண ஒப்பந்தங்களுக்கும் நடுவே அதில் ரொட்டிப் பட்டியல்கள் கிடைத்தன. எந்த விதவைக்கு எத்தனை ரொட்டி, வெளியூரிலிருந்து வந்த எந்த அகதிக்கு எத்தனை ரொட்டி என்று பெயர் பெயராகக் குறித்து வைத்திருந்தார்கள். செவ்வாய், வெள்ளி என வாரம் இரு நாள் அங்கே ரொட்டி வழங்கப்பட்டது.

அதே கெய்ரோவில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவரும் தத்துவ அறிஞருமான மைமோனிடிஸ், கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் யாரென்று வாங்கியவருக்கும், வாங்கியவர் யாரென்று கொடுத்தவருக்கும் தெரியாமல் நடப்பது இரண்டாம் படி. எல்லாவற்றுக்கும் மேலான முதல் படி, ஒருவர் விழுந்துபோகும் முன்பே அவருக்குக் கடனோ வேலையோ தொழிலில் பங்கோ கொடுத்து, அவர் யாரிடமும் கையேந்தாதபடி நிமிர்த்தி விடுவது.

95 டாலரில் தொடங்கிய கடன்

அந்த முதல் படியை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்தது நியூயார்க்கின் ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி. 1892இல் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் ஒரு சிறிய ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவர்கள் 95 டாலரைத் திரட்டி அதைத் தொடங்கினார்கள். ரஷ்யப் பேரரசின் வன்முறைக்கும் வறுமைக்கும் தப்பி வந்து, நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் நிரம்பி வழிந்த மக்கள் வாழ்ந்த பகுதி அது. தள்ளுவண்டி வாங்கவும் தையல் இயந்திரம் வாங்கவும் சிறு தொகை கிடைத்தால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்கு வட்டி இல்லாமல் கடன் கொடுத்தார்கள். பிணைக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். வாங்கியதைத் தவணையில் கட்ட வேண்டும். கட்டிய பணம் அடுத்தவருக்குக் கடனாகப் போகும்.

சங்கம் இன்றும் நடக்கிறது. எந்த மதத்தவரும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவின் பல நகரங்களில் இதைப் போன்ற கடன் சங்கங்கள் இருக்கின்றன. வட்டி வாங்காதது சலுகை என்று அவர்கள் நினைப்பதில்லை. இல்லாதவனிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது அவர்களின் வேதச் சட்டம்.

கூரை இடிந்த ஆலயம்

நியூயார்க்கின் அப்பர் வெஸ்ட் சைடு பகுதியில் உள்ள பினை ஜெஷுரன் சபை 1825இல் தொடங்கியது. 1980களின் நடுவில் அது ஏறக்குறைய ஆளரவமற்றுக் கிடந்தது. 1985இல் அங்கே மதகுருவாக வந்தவர் ரபி மார்ஷல் மேயர். புரூக்ளினில் பிறந்த இவர், 1959 முதல் கால் நூற்றாண்டு அர்ஜென்டினாவில் பணி செய்தவர். 1976 முதல் 1983 வரை அங்கே நடந்த ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் காணாமலாக்கப்பட்டபோது, சிறைகளுக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார். பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார்களுக்குத் துணை நின்றார். ஜனநாயகம் திரும்பியபின், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரித்த தேசிய ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார்.

அவருடைய கொள்கை எளிமையானது. பிரார்த்தனையும் தொண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வர முடியும். அருகிலிருந்த புனித பவுல், புனித அந்திரேயா மெத்தடிஸ்ட் தேவாலயத்தோடு சபை கைகோத்தது. வீடற்றவர்களுக்கு இரவுத் தங்குமிடமும் இலவச மதிய உணவும் இரு தரப்பின் கூட்டுப் பணிகள் ஆயின. 1991இல் ஜெப ஆலயத்தின் கூரை இடிந்து விழுந்தது. பூட்டிய ஆலயத்தின் மக்களுக்குத் தேவாலயம் தன் கதவைத் திறந்தது. வெள்ளி, சனிக்கிழமைகளில் யூத வழிபாடு, ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவ வழிபாடு என்று ஒரே கூடத்தை இரு சபைகளும் பகிர்ந்துகொண்டன. மேயர் 1993இல் மறைந்தார். அதற்குள் அந்தச் சபை நியூயார்க்கில் கூட்டம் நிரம்பி வழியும் சபைகளில் ஒன்றாகிவிட்டது. தொண்டில் இறங்கினால் வழிபாட்டுக்கு ஆள் குறையும் என்று அஞ்சுவோருக்கு இதுவே பதில்.

நியூயார்க்கில் இரவுத் தங்குமிடங்கள் பெருகியது 1980களில். தெருவில் படுப்போர் தொகை கூடியபோது, அன்றைய நகர மேயர் எட் காச் தேவாலயங்களையும் ஜெப ஆலயங்களையும் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். திறந்த சபைகளில் வேலை நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். பகல்நேர மையத்தில் பதிவு செய்த சிலரை மாலையில் பேருந்தில் அழைத்து வருவார்கள். தொண்டர்கள் அதற்குள் கட்டில் விரித்து, போர்வை மடித்து, சாப்பாடு தயாராக வைத்திருப்பார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இருவர் இரவு அங்கேயே படுத்து, காலையில் காபி போட்டுக் கொடுத்து அனுப்பி வைப்பார்கள். மறுநாளைக்கு வேறு இருவர். வழக்கறிஞரோ பள்ளி ஆசிரியையோ ஓய்வுபெற்ற கணக்காளரோ, யாராக இருந்தாலும் பட்டியலில் பெயர் வந்தால் அன்றைய இரவு அவருடையது.

பழகிய கைகள் பேரிடர் நேரத்தில் எவ்வளவு உதவும் என்பதை 2012 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கைத் தாக்கிய சாண்டிப் புயல் காட்டியது. புரூக்ளினில் 1861இல் தொடங்கப்பட்ட பெத் எலோஹிம் சபையின் சமையலறை, வீடிழந்தவர்களுக்கான பெரிய சமையற்கூடமாக மாறியது. மின்சாரம் போன கடலோரப் பகுதிகளுக்கு அங்கிருந்து உணவு வண்டிகள் கிளம்பின. காய் நறுக்கவும் பொட்டலம் கட்டவும் வந்தவர்களில் அந்தச் சபையைச் சேராத அக்கம்பக்கத்தாரும் நிறையப் பேர்.

திருப்பித் தர முடியாதவருக்குச் செய்யும் உதவி

ஒரு சபையின் தொண்டுகளில் வெளியே தெரியாமல் நடப்பது ஹெவ்ரா கதீஷா என்னும் இறுதிச் சடங்குக் குழுவின் வேலை. பிராக் நகரத்துக் குழு 1564இல் தொடங்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் அதன் பணிகளை வரைந்த ஓவிய வரிசை இன்றும் அந்த நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் ஷியரித் இஸ்ரேல் சபையின் குழு 1802இல் உருவானது.

சபையில் ஒருவர் இறந்தால் தொண்டர்கள் கிளம்புவார்கள். ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். உடலைக் கழுவித் துடைத்து, தூய்மைச் சடங்காகத் தண்ணீரை இடைவிடாமல் ஊற்றி, கையால் தைத்த வெள்ளைத் துணிகளை உடுத்துவார்கள். அந்த உடையில் பை கிடையாது. உடலின் குறுக்கே ஒரு பொருளைக்கூடக் கைமாற்ற மாட்டார்கள். தேவையில்லாத பேச்சு இருக்காது. வேலை முடிந்ததும், அறியாமல் ஏதேனும் மரியாதைக் குறைவு நேர்ந்திருந்தால் மன்னிக்கும்படி இறந்தவரைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். அடக்கம் முடியும்வரை உடலைத் தனியே விடாமல் முறை வைத்துக் காவல் இருப்பார்கள். யார் குளிப்பாட்டியது என்பது பெரும்பாலும் குடும்பத்துக்கே தெரியாது. பதிலுதவி செய்ய வழியில்லாதவருக்குச் செய்வதால் இதையே ஆகச் சுத்தமான அன்பு என்று அவர்கள் மதிக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே உடை என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சாவைவிடச் சாவுச் செலவு குடும்பத்தை நொறுக்கிய காலம் ஒன்று இருந்ததாகத் தால்முத் சொல்கிறது. செலவுக்கு அஞ்சி உடலைப் போட்டுவிட்டு ஓடியவர்களும் இருந்தார்கள். சமூகத் தலைவரான ரபான் கம்லியேல், தன்னைச் சாதாரண லினன் துணியில் அடக்கம் செய்யச் சொல்லி வழிகாட்டினார். ஊரே பின்பற்றியது. துக்க வீட்டுக்கு உணவு கொண்டுபோவதிலும் அப்படித்தான். பணக்கார வீட்டுக்கு வெள்ளிக் கூடையிலும் ஏழை வீட்டுக்குப் பிரம்புக் கூடையிலும் போய்க்கொண்டிருந்தது. ஏழைகள் கூசிப்போனதால் இனி எல்லோருக்கும் பிரம்புக் கூடைதான் என்று விதி மாறியது. பணக்காரரை ஏழையின் அளவுக்கு இறக்கி ஏழையின் மானத்தைக் காத்த சட்டம் அது.

ஷிவா எனப்படும் ஏழு நாள் துக்கத்தில், அடக்கம் முடிந்து வரும் குடும்பத்துக்கு முதல் சாப்பாட்டை அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டும். இறந்தவருக்கான கதிஷ் பிரார்த்தனையைச் சொல்ல குறைந்தது பத்துப் பேர் கூட வேண்டும். அந்தப் பத்துக்கு ஆள் சேர்ப்பதும் சபையின் பொறுப்பு. வந்து நிற்பதே அங்கே ஒரு தொண்டு.

அடுத்தவர் என்பவர் யார்?

தன் குடும்பம், தன் ஊர், பிறகு பிற ஊர் என்று கொடைக்கு யூதச் சட்டம் வரிசை சொல்கிறது. யூதரல்லாத ஏழைகளையும் யூத ஏழைகளோடு சேர்த்தே காப்பாற்ற வேண்டும் என்றும் அதே தால்முத் சொல்கிறது. எதற்கு முதலிடம் என்ற விவாதம் ஒவ்வொரு சபையிலும் இன்றும் நடக்கிறது. தன் மக்களிடமே தேவை இவ்வளவு இருக்கும்போது வெளியே போகலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

வரலாறு பல முறை வெளிவாசலைத் திறந்திருக்கிறது. பாக்தாத்திலிருந்து மும்பைக்கு வந்து பெருவணிகரான யூதர் டேவிட் சசூனின் கொடையில் புனேயில் எழுந்த சசூன் மருத்துவமனை, 1867 முதல் சாதி, மதம் பாராமல் ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்து வருகிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின்போது, 1964 ஜூன் 18 அன்று ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் 16 யூத மதகுருக்கள் கைதானார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் அழைப்பை ஏற்று அங்கே போனவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு செல்மா ஊர்வலத்தின் முன்வரிசையில் கிங்கோடு நடந்தார் ரபி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல்.

அகதிகள் விஷயத்தில் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்களுக்கு உதவ உருவானது ஹயாஸ் அமைப்பு. இன்று அது உதவும் அகதிகளில் பெரும்பாலோர் யூதர்கள் அல்லர். முன்பு அகதிகள் யூதர்கள் என்பதால் உதவினோம், இப்போது நாங்கள் யூதர்கள் என்பதால் உதவுகிறோம் என்று அங்கே சொல்வதுண்டு. அதனோடு சேர்ந்து பல சபைகள் அகதிக் குடும்பங்களைப் பொறுப்பேற்றிருக்கின்றன. வாடகை வீடு பார்ப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, மருத்துவரிடம் அழைத்துப்போவது, பேருந்தில் போகப் பழக்குவது என்று வேலை நீளும்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 2018 அக்டோபரில் ஹயாஸ் நாடு முழுவதும் அகதிகளுக்கான ஓய்வுநாள் வழிபாட்டுக்கு அழைப்பு விடுத்தது. பிட்ஸ்பர்க் நகரின் டோர் ஹதாஷ் சபை அதில் பங்கேற்றது. அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, அந்தச் சபை உட்பட மூன்று சபைகள் கூடியிருந்த ட்ரீ ஆஃப் லைஃப் ஆலயத்துக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்து 11 பேரைக் கொன்றான். அகதிகளுக்கு உதவும் ஹயாஸ் மீதான வெறுப்பை அதற்குச் சற்றுமுன்தான் இணையத்தில் கொட்டியிருந்தான்.

உடல்கள் பிணவறையில் இருந்த நேரத்தில் தொண்டர்கள் அருகில் முறை வைத்துக் காவல் நின்றார்கள். அமெரிக்க முஸ்லிம்கள் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக இரண்டு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு பல ஜெப ஆலயங்களின் வாசலில் காவலர் நிற்கிறார். வழிப்போக்கருக்குத் திறந்திருக்க வேண்டிய கதவு பூட்டப்பட்டிருப்பது அந்த மக்களின் மனதை உறுத்துகிறது. ஆனாலும் அகதிகளுக்கான வேலையை ஹயாஸோ அதன் தோழமைச் சபைகளோ நிறுத்தவில்லை.

பழக்கமாகும் வரை

கொடுப்பதைப் பழக்கமாக்க அவர்களின் நாட்காட்டியே உதவுகிறது. வெள்ளி மாலை விளக்கேற்றும் முன் வீட்டு உண்டியலில் காசு விழும். பூரிம் பண்டிகையில் குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது கொடுத்தாக வேண்டும். பாஸ்காவுக்கு முன் ஏழைகளின் பண்டிகைச் செலவுக்கு நிதி திரட்டுவார்கள். யோம் கிப்பூர் உபவாசத்தையொட்டிப் பல சபைகளில் மளிகைப் பொருட்களைப் பை பையாகச் சேர்த்து உணவு வங்கிகளுக்கு அனுப்புகிறார்கள். கல்யாணத்துக்கும் விருந்துக்கும் ஆகும் செலவில் 3 சதவீதத்தைப் பசித்தவருக்குக் கொடுங்கள் என்ற வேண்டுகோளோடு 1985இல் எழுத்தாளர் லெனர்ட் ஃபைன் தொடங்கியதுதான் மசோன் அமைப்பு. பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வா சடங்குக்குத் தயாராகும் 12, 13 வயதுப் பிள்ளைகளைப் பல சபைகள் ஒரு சேவைத் திட்டத்தையும் முடிக்கச் சொல்கின்றன. கிறிஸ்துமஸ் அன்று கிறிஸ்தவ ஊழியர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று, மருத்துவமனைகளிலும் சமையற்கூடங்களிலும் யூதத் தொண்டர்கள் அவர்கள் வேலையை ஏற்றுக்கொள்வதும் பல ஊர்களில் வழக்கம்.

குறைகளும் இருக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தத் தொண்டைத் தாங்கியவர்கள் பெண்கள். 1819இலேயே ஃபிலடெல்ஃபியாவில் ரெபேக்கா கிராட்ஸ் என்பவர் மிக்வே இஸ்ரேல் சபைப் பெண்களோடு சேர்ந்து ஏழைப் பெண்களுக்கான உதவிச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று பெண்களும் அலுவலகம் போகிறார்கள். பகல் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. எந்தச் சபையிலும் சேராத இளைஞர்கள் பெருகுகிறார்கள். ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போய்ச் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டுத் திரும்பினால் போதுமா என்ற கேள்வியைச் சபையினரே எழுப்புகிறார்கள். நியாயமான கேள்வி அது. ஒரு நாள் உற்சாகம் வண்ணம் அடிக்கும். மற்ற நாட்களில் பசிக்கும் வயிற்றுக்குப் பட்டியல்தான் சோறு போடும்.

இரக்கம் எல்லா மனிதருக்கும் வரும். வந்த வேகத்தில் போய்விடவும் செய்யும். அதை நம்பி ஏழையை விடக் கூடாது என்று முடிவெடுத்ததுதான் இந்த மரபின் பெருமை. கொடுப்பதைக் கடமையாக்கியது, வாங்குபவரின் மானத்துக்கு விதி வகுத்தது, வாங்குபவரையும் கொடுப்பவராக்கியது என்று மூன்று காரியங்களை அது செய்தது. இவற்றைச் செய்ய யூதராக இருக்க வேண்டியதில்லை. பெரும் செல்வமும் தேவையில்லை. நீங்கள் கூடும் இடம் கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ குடியிருப்போர் சங்கமோ, எதுவானாலும் அடுத்த கூட்டத்தில் ஒரு தாளை எடுங்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவரை யார் எந்தக் கிழமை போய்ப் பார்ப்பது என்று பெயர் எழுதுங்கள். முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.